ஓர் இறகும் கொட்டாத கோழி

கோழியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று எங்கள் லைனில் எட்டு வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியதால்தான் அவளைப் பாதியாவது மன்னித்திருந்தேன். தெரியாமல் செய்தவளை என்ன செய்ய முடியும்? பிறகு அந்தப் பாதி மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் ‘அவர்’, ‘அந்த அம்மா’ என்று மரியாதையாக எழுதக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். நேரில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. “மேஸ்திரிம்மா, மேஸ்திரிம்மா” என்று குழைந்துகொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அது ஐம்பதுகளின் தொடக்கம். மத்திகிரிப் பண்ணையில் என் வீட்டுக்காரருக்குத் தீவனப் பக்கம் வேலை. மாடுகளுக்குக் குதிரைமசால் அறுத்துக் கட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். குடியிருக்க ஓடு போட்ட எட்டு வீடுகள், ஒரே வரிசையில். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் பொது, கிணறு பொது, புழக்கடையும் பொது. கிணற்றை ஒட்டிய முதல் வீடு மேஸ்திரி வீடு. மற்ற ஏழு வீட்டு ஆண்களுக்கும் அந்த மேஸ்திரிதான் தினமும் வேலை பிரித்துக் கொடுப்பார். அவர் அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் பெண்டாட்டி பேசுவாள். ஆண்களை அவர் பார்த்துக்கொண்டார், எங்களை அவள் மேய்த்தாள்.

நல்ல உயரம். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. காலையில் பனி விலகுவதற்குள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு புழக்கடைக்கு வந்துவிடுவாள். அவள் கோழி பிடிப்பதைப் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லாரும் முந்தானையை விரித்துக்கொண்டு கூட்டமாக ஓடி மூச்சு வாங்குவோம். அவள் ஓடவே மாட்டாள். ஒரு கை ராகியைத் தூவிவிட்டு நிற்பாள். வேண்டிய கோழி காலடிக்கு வந்ததும் குனிந்து இரண்டு இறக்கையையும் சேர்த்து எடுத்துவிடுவாள். பிடிபட்ட கோழி ஒரு சத்தம் போடாது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரைப்பையை அமுக்கிப் பார்ப்பாள், வாலடி இறகை வாயால் ஊதி விலக்கித் தோலைப் பார்ப்பாள். “இது நாளன்னிக்கு முட்ட வெக்கும்” என்பாள். வைக்கும்.

எங்களையும் அப்படித்தான் பார்த்தாள். நான் கல்யாணமாகி வந்து இறங்கிய அன்றே என் கையைப் பிடித்துத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “ரத்தம் பத்தல. முருங்கக் கீரை தின்னு புள்ள” என்றாள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

வீட்டுக்குள் தெலுங்கு பேசுவாள், கிணற்றடியில் எங்களோடு தமிழ். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். “சும்னிரு” என்பாள். சும்மா இரு என்று அர்த்தம். கோழிக்கும் அதுதான், புருஷனுக்கும் அதுதான், அழுகிற பிள்ளைக்கும் அதுதான். வெகு நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அடிபட்டவரைப் பார்த்துத்தான் அவள் சும்னிரு சொல்வாள். அடித்தவரைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பொய் சொல்லக் கூடாது, நல்லதும் செய்திருக்கிறாள். எனக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டபோது ஆறு நாள் என் அடுப்பை மூட்டியவள் அவள்தான். மிளகு தட்டிப் போட்டுக் கோழி ரசம் வைத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று திமிற, தலையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். அந்த ரசம் இல்லாவிட்டால் நான் தேறியிருக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது யார் வீட்டுக் கோழி என்று மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கோழிகளுக்குள் கொத்து ஆரம்பித்தது மழைக்காலத்தில். அதற்கு முன்பெல்லாம் எட்டு வீட்டுக் கோழிகளும் இஷ்டத்துக்கு மேயும். குதிரைமசால் பாத்தியில் புகுந்து கிளறுகின்றன என்று பேச்சு வந்ததும் அவளே யோசனை சொன்னாள். புழக்கடையில் வண்டி திரும்புகிற அளவு இடத்தைப் பழைய கம்பி வலையால் வளைத்து, எல்லார் கோழியையும் அதற்குள் விட்டோம். நாற்பது கோழி இருக்கும். கிளற மண் இல்லை, ஓட இடம் இல்லை, நாள் முழுக்க ஒன்றன் மூஞ்சியில் ஒன்று விழித்துக்கொண்டு நின்றன. பத்து நாளில் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்க ஆரம்பித்துவிட்டன.

பார்க்காதவர்களுக்கு அது தெரியாது. சண்டை மாதிரியே இருக்காது. ஒரு கோழி சும்மா நிற்கும். இன்னொன்று பின்னால் வந்து வாலடியில் ஒரே ஒரு இறகைப் பிடுங்கும். பிடுங்கி, தின்னவும் தின்னும். மறுநாள் அந்த இடம் காசு அகலத்துக்குச் சொட்டையாகியிருக்கும். அதற்கு மறுநாள் ஒரு பொட்டு ரத்தம். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அதுவரை சாதுவாக இருந்த கோழியெல்லாம் வந்து அதே இடத்தில் கொத்தும். குடலை வெளியே இழுத்துப் போட்டதைக்கூட என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் சளைக்கவில்லை. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு வைத்தாள். கீரைக் கட்டைக் கோழி எட்டிக் குதிக்கிற உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டாள். ராகியைத் தட்டில் போடாமல் வைக்கோலில் தூவிக் கிளற வைத்தாள். புற்றை வெட்டிக் கறையானோடு கொண்டுவந்து கொட்டினாள். அதெல்லாம் சரியான வைத்தியம்தான், நானும் பிற்பாடு செய்திருக்கிறேன். அதற்கெல்லாம் கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும்.

அப்போது ரத்தம் காட்டிய கோழியைப் பிடிப்பாள். மாட்டுக் குளம்புக்குத் தடவுகிற தாரை மேஸ்திரி ஒரு கொட்டாங்குச்சியில் கொண்டுவந்து வைத்திருப்பார். அதைப் புண்ணில் அப்பி, அந்தக் கோழியை அதன் சொந்தக்காரி வீட்டுப் பின்வாசலில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவாள். பத்து நாள். “கண்ணுக்குப் பட்டாத்தான கொத்தும்? இத அந்தாண்ட எடுத்துட்டா எல்லாம் சும்மா இருக்கும்.”

சும்மா இருக்கும், இரண்டு நாள். பிறகு அடுத்த கோழியின் வாலடி. அதையும் எடுத்து அடைப்பாள். முதல் கோழி புண் ஆறி, புது இறகு முளைத்து, உள்ளே விடப்படும். என் புள்ளிக்கோழியை அப்படி விட்ட அன்று நான் வலைக்கு வெளியே நின்றிருந்தேன். அது இரண்டு அடி வைத்தது. எல்லாக் கோழியும் தலையைத் தூக்கிப் பார்த்தன. இந்தக் கோழியை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி. நான் ஒரு குடம் தண்ணீர் இறைத்து முடிப்பதற்குள் அதன் முதுகு சிவந்துவிட்டது.

“உன் கோழிக்கு ராசி இல்ல புள்ள. கொழம்பு வெச்சிரு” என்றாள். வைத்தேன். கிண்ணத்தில் அவளுக்கும் கொடுத்தேன். அந்த மழைக்காலத்தில் ஏழு வீட்டுக் கோழிகளும் இப்படி ஒவ்வொன்றாகக் குழம்பாகிக்கொண்டிருந்தன. அவள் வீட்டுக் கோழி ஒன்றுகூட ஆகவில்லை. நாங்கள் அதற்கு என்ன சொன்னோம் தெரியுமா? அவள் கைராசி என்று சொன்னோம்.

அவளிடம் ஒரு வெள்ளைக் கோழி இருந்தது. பண்ணையில் கொடுத்த சீமைக்கோழி முட்டையை நாட்டுக்கோழியின் அடையில் வைத்துப் பொரித்தது. வெள்ளைச்சி என்று கூப்பிடுவாள். தினம் ஒரு முட்டை. மழையிலும் சேற்றிலும் மற்ற கோழிகள் முதுகும் வாலும் சொட்டையாகத் திரிய, அது மட்டும் வெளுத்து வந்த வேட்டி மாதிரி இருக்கும். ஓர் இறகு கொட்டியிருக்காது. எத்தனை அழகு என்று நானே அதற்குக் கை நிறைய ராகி போட்டிருக்கிறேன்.

ஆறாம் வீட்டுக்காரன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் உதடு கிழிந்து கிணற்றடிக்கு ஓடி வந்தாள். மேஸ்திரிம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டு, “சும்னிரு. நீ அழுத மூஞ்சியோட அவன் கண்ணு முன்னால நின்னா இன்னும் கை நீளும். பத்து நாள் தாய் வூட்டுக்குப் போயிட்டு வா” என்றாள். எவ்வளவு நியாயமாகப் பேசுகிறாள் என்று நாங்கள் தலையாட்டினோம். போனவள் மாதக் கடைசியில் திரும்பி வந்தாள். அவன் வாசலிலேயே நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் போனவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான். லைனே வேடிக்கை பார்த்தது. அவனைக் கூப்பிட்டு மேஸ்திரிம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் நல்ல வேலைக்காரன், இரண்டு ஆள் சுமையைத் தனியாகத் தூக்குவான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் நான். இருந்தும் ருக்குவுக்கு அப்படி ஆனபோது நேராக அவளிடம்தான் போனேன்.

ருக்கு என் தங்கை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஜவளகிரியில் பெரியம்மாதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது ஒத்தாசைக்கு ருக்குவை அனுப்பிவைத்தாள். பதினேழு முடிந்திருந்தது. ஒரே தடவையில் இரண்டு குடம் இடுப்பிலும் தலையிலுமாகத் தூக்குவாள். எதற்கும் சிரிப்பாள். ஓசூரில் இருந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனுக்கு அவளைக் கேட்டு லேசாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் அவள் கூப்பிடு தூரத்தில் இருப்பாள், எங்களுக்கு ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று நான் மனசுக்குள் வீடே கட்டி முடித்திருந்தேன்.

மேஸ்திரிம்மாவுக்கு ஒரு தம்பி. பண்ணையில் வண்டி ஓட்டினான், சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். எப்போதும் சலவை வேட்டி. தலையில் எண்ணெய் வழியும். ருக்கு தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அவனுக்கும் கிணற்றடியில் ஏதாவது வேலை இருக்கும். ஒரு நாள் மத்தியானம் வைக்கோல் போருக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். அவள் திமிறியதில் கண்ணாடி வளையல் அத்தனையும் உடைந்து மணிக்கட்டில் ஏறிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து நின்றாள். அழவில்லை. “அக்கா, அவன அறைஞ்சிட்டன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ருக்குவை இழுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். அவள் ருக்குவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தாள். அவ்வளவு பதமாக எடுத்தாள். மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“பொண்ண நாளைக்கே ஊருக்கு அனுப்பிரு.”

“என்னத்துக்கு மேஸ்திரிம்மா? கையப் புடிச்சவன நாலு கேள்வி கேளுங்க. உங்க தம்பிதான?”

“சும்னிரு. ரத்தம் பாத்த எடம் புள்ள இது. இவ இங்க நடமாடினா நாளைக்குப் பத்து வாய் கொத்தும். கண்ணுக்கு மறைவாப் பத்து நாள் இருக்கட்டும். எல்லாம் அடங்கினதும் நானே கூட்டியாறச் சொல்றன்.”

சொல்லிவிட்டு, “உன் வூட்டுக்காரன் எங்கள நம்பித்தான இங்க இருக்கான்” என்று சாதாரணமாக ஒரு வார்த்தை சேர்த்தாள். மிரட்டல் மாதிரியே இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான்தான் ருக்குவின் துணிகளை மூட்டையாகக் கட்டினேன். அவள் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஏன்க்கா போவணும்? அவனில்ல போவணும்?”

“பத்து நாளுதான் ருக்கு.”

“நான் என்னக்கா பண்ணன்?”

பிள்ளை அழுதது, நல்ல வேளை என்று எழுந்து போய்விட்டேன்.

அவள் போன நாலைந்து நாளில் ஒரு பகல். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். ருக்கு இருந்தபோது எனக்கு அப்படி உட்காரவே நேரம் இருந்ததில்லை, பேச்சிலேயே போய்விடும். பேச ஆள் இல்லாமல் வலைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச்சி நடந்து வந்தது. ஐந்தாம் வீட்டுக் கறுப்புக்கோழியின் பின்னால் நின்று, அவசரமே இல்லாமல், ஓர் இறகைப் பிடுங்கி விழுங்கியது. மறுபடி ஒன்று. கறுப்புக்கோழி கத்தவும் மற்றவை ஓடி வந்து சேர்ந்துகொண்டன. வெள்ளைச்சி ஒதுங்கிப் போய் நிழலில் நின்றுகொண்டது. பார்க்க எவ்வளவு நல்ல கோழி!

மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும். அதேதான். மற்றவை எல்லாம் ரத்தத்தைப் பார்த்துக் கூட்டத்தோடு வந்து கொத்துகிறவை. அந்த ரத்தத்தை முதலில் வரவழைப்பது இது ஒன்றுதான். அதை யாரும் கொத்தாததால் அதன் உடம்பில் ஓர் இறகும் கொட்டவில்லை. இத்தனை நாள் எது சொட்டை எது சொட்டை என்று தேடிக்கொண்டிருந்தோம். எது முழுசாக இருக்கிறது என்று ஒருத்தியும் பார்க்கவில்லை.

ராகியைத் தூவி, அவள் பிடிக்கிற மாதிரியே வெள்ளைச்சியைப் பிடித்து, என் பஞ்சாரத்தில் போட்டு மேலே அம்மிக்கல்லை வைத்தேன். ஒன்றரை நாள் வலைக்குள் ஒரு சத்தம் இல்லை. புண்ணோடு இருந்த கறுப்புக்கோழிகூட மூலையை விட்டு வெளியே வந்து தீனி பொறுக்கியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கோழிக்காக மட்டும் இல்லை. இதை அவளுக்குக் காட்டினால் புரிந்துகொள்வாள், ருக்குவைத் திரும்பக் கூட்டி வரச் சொல்வாள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று.

இரண்டாம் நாள் அவளே வந்தாள். கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கோழியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“முட்ட வெக்கிற கோழிய எவளாச்சும் அடைச்சுப் போடுவாளா?”

“இதுதான் கொத்துது மேஸ்திரிம்மா. மூணு நாளா என் கண்ணால பாத்தன். இத அடைச்சதும் எல்லாம் அமைதியாயிருச்சு, நீங்களே பாருங்க.”

அவள் வலைப் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளைச்சியின் அலகை விரலால் துடைத்தாள். “இது வாயில ரத்தம் இருக்குதா? காட்டு பாக்கலாம்.”

“இல்லீங்க. அது முதல்ல எறகுதான்...”

“புள்ள பெத்த ஒடம்பு. தனியா ஒக்காந்து கண்டதப் பாத்துக்கிட்டு இருக்காத” என்றாள். போகிற போக்கில் வலைக் கதவைத் திறந்து வெள்ளைச்சியை உள்ளே விட்டாள். கறுப்புக்கோழியைப் பிடித்து ஐந்தாம் வீட்டுப் பின்வாசலில் கவிழ்த்தாள்.

பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை தெரிந்தவளுக்கு இது ஒன்று தெரியாமல் போய்விட்டதே என்று. அந்த நினைப்பில்தான் அங்கே இன்னும் நாலு வருஷம் அவளோடு ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தேன்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று, இரண்டு மாதமாயிற்று. கேட்கும்போதெல்லாம் “இன்னும் கொஞ்சம் போவட்டும்” என்பாள். பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தும்போது நானே கேட்காமல் ருக்குவை வரவழைத்தேன். வந்த அன்றே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அங்கே நாலைந்து பெண்கள். அவள் இருந்தபோது அவளோடு சிரித்துப் பேசிய அதே பெண்கள்தான். எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஒருத்தி, “ஏம்மா, திடீர்னு போயிட்டியே?” என்றாள். இன்னொருத்தி, “ஒண்ணும் இல்லன்னா ராவோட ராவா என்னத்துக்கு அனுப்புவாங்க?” என்றாள். காலை வெயிலில் எல்லார் கண்ணெதிரேயும் போனவள் அவள். ஆறாம் வீட்டுக்காரி, உதடு கிழிந்து ஓடி வந்தாளே அவள்தான், “கை மட்டுந்தான் புடிச்சானாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மேஸ்திரிம்மா துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினாள். “பாத்தியா, அவசரப்பட்டுக் கூட்டியாந்துட்ட” என்றாள்.

ருக்கு பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். காதுகுத்து முடிந்து சாப்பாட்டு இலை எடுப்பதற்குள் மூட்டையைத் தானே கட்டிக்கொண்டாள். ஓசூர்ச் சம்பந்தப் பேச்சு அந்த வாரமே நின்றது. அவர்கள் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும், “அண்ணி தங்கச்சி ஏதோ அங்க இருக்க முடியாமப் போயிட்டாளாமே” என்று யாரோ சொன்னதாகச் சொன்னார்கள். மறுவருஷம் ஜவளகிரியிலேயே, காட்டோரம் மாடு மேய்க்கிற ஒருவருக்கு இரண்டாம் தாரமாக அவளைக் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகப் போனாள். நான் போனால் நன்றாகப் பேசுவாள், ராகிக்களி கிண்டிப் போடுவாள். ஆனால் என் வீட்டில் அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தங்கியதில்லை. எனக்கு அடுத்த இரண்டு பிரசவத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டதற்கு, “யாரையாச்சும் கூலிக்கு வெச்சுக்கக்கா” என்று சொல்லி அனுப்பினாள்.

மேஸ்திரிக்கு வேலை முடிந்ததும் அவர்கள் சொந்த ஊரான பர்கூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது லைனே அழுதது. நானும் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

ஐம்பதுகள் முடிகிற சமயம். பர்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். எதற்குப் போனேன்? போகாமல் இருந்திருக்கலாம். முன்னால் கட்டிலில் அவள் தம்பி உட்கார்ந்து தன் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அதே சலவை வேட்டி. “வாங்கக்கா, சௌக்கியமா?” என்று எழுந்து நின்று கேட்டான். அத்தனை மரியாதை.

அவள் புழக்கடையில் இருந்தாள். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “இப்பத்தான் ஒடம்புல ரத்தம் இருக்குது” என்றாள். மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடிக்க ஆரம்பித்தேன். முற்றத்தில் இருபது கோழிக்கு மேல் திரிந்தன. ஒன்றிரண்டுக்கு வாலடியில் தார் பூசியிருந்தது, ஆனாலும் கூட்டத்தோடுதான் மேய்ந்துகொண்டிருந்தன. சுவர் ஓரமாக ஒரு பஞ்சாரம், மேலே கல். உள்ளே செவலைக் கோழி ஒன்று. நல்ல பளபளப்பு. ஓர் இறகும் கொட்டவில்லை.

“என்ன மேஸ்திரிம்மா, அடைக்கு வெச்சிருக்கீங்களா?”

“அடையாவது! கொத்துது சனியன். ரெண்டு கோழிய நாசம் பண்ணிருச்சு.”

டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன். “இதுதான் கொத்துதுன்னு எப்படிங்க தெரியும்?”

அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “எதுக்கு எறகு முழுசா இருக்குதோ அதான கொத்தும்? இத நாலு நாள் அடைச்சுப் போட்டா திமிரு எறங்கிரும். கொத்து வாங்கினத எடுத்தா அப்புறம் அது கூட்டத்துல சேருமா? வெளிய போயிட்டு வந்ததுன்னு இன்னும் நல்லாக் கொத்தும். கோழி வளக்கறவளுக்கு இதுகூடவா தெரியாது?”

“அப்ப மத்திகிரியில...” என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தடுமாறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குனிந்து பஞ்சாரத்தின் மேலிருந்த கல்லைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

“அங்க கொத்தினது மட்டுந்தான புள்ள என்னுது. இங்க எல்லாமே என்னுது.”

முன்பக்கம் அவள் தம்பி பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, “காபி ஆறுது பாரு, குடி” என்றாள். பிறகு நினைவு வந்தவள் போல, “உன் தங்கச்சி நல்லா இருக்காளா?” என்று கேட்டாள்.

அந்த டம்ளரை அவள் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை மனசுக்குள் வீசியும் விட்டேன். அன்றைக்கு நான் செய்தது அதுவல்ல.

“நல்லா இருக்கா மேஸ்திரிம்மா” என்று சொல்லிவிட்டு, மிச்சக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.